ஆங்கில விடுகதைகளில் எதை எடுப்பது, எப்படி அவிழ்ப்பது?

ஆங்கிலத்தில் 'ரிடில்' என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றோடொன்று ஒட்டாத பல விளையாட்டுகள் கிடக்கின்றன. ஒரு பொருளை உருவகத்தால் மறைத்துச் சொல்வது ஒன்று. ஒலி ஒன்றாகவும் பொருள் இரண்டாகவும் உள்ள சொல்லை வைத்து ஏமாற்றுவது இன்னொன்று. எழுத்துகளை எண்ண வைப்பது, சொல்லைத் துண்டாடிக் கேட்பது, தர்க்கம் கேட்பது, 'ஆம், இல்லை' என்று பதில் வாங்கிக்கொண்டே கதையைக் கண்டுபிடிக்க வைப்பது என எல்லாமே அந்தப் பெயரில்தான் வருகின்றன. தொகுப்பு நூல்கள் பெரும்பாலும் இவற்றை வகை பிரிக்காமல் ஒன்றாகக் கொட்டிவைக்கின்றன. படிப்பவர் முதல் கேள்விக்குப் பயன்பட்ட வழியிலேயே இரண்டாவதிலும் முட்டிக்கொண்டு நிற்பார்.

ஆகவே தேர்வு இரண்டு இடத்தில் நடக்கிறது. எந்த வகையைக் கையில் எடுப்பது என்பது முதல் தேர்வு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கா, விருந்துக்கு வந்த பத்துப் பேருக்கா, தனியாக உட்கார்ந்து ஆங்கிலம் பழகவா என்பதைப் பொறுத்து அது மாறும். கைக்கு வந்த கேள்வி எந்த வகை என்று கண்டுகொள்வது இரண்டாவது. பூட்டு எங்கே தொங்குகிறது என்று பாராமல் சாவிக்கொத்தைக் குலுக்கிப் பயனில்லை. பொருளிலா, காதிலா, எழுத்திலா, கேள்வி கேட்ட விதத்திலா என்று முதல் அரை நிமிடத்தில் முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நமக்கென்று தனியாக ஒரு கணக்கும் உண்டு. எந்த வழியில் படித்திருந்தாலும் நம்மில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் காதுக்கு முன் கண்ணுக்கு வந்த மொழி. எழுத்துக்கூட்டல் மனப்பாடமாக இருக்கும், உச்சரிப்பில் சந்தேகம் இருக்கும். ஆங்கிலம் பேசும் நாடுகளில் சின்னப் பிள்ளைகள் பேச்சுவாக்கில் போட்டுக்கொள்ளும் சிலேடை நம்மைத் தடுக்கும். எழுத்துப் புதிர் சட்டென வரும். கீழே வரும் ஒப்பீட்டில் இதை மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

பொருளை மறைப்பவை

நம் ஊர் விடுகதைக்கு நேர் உறவு இந்த வகை. 'முப்பது வெள்ளைக் குதிரைகள் ஒரு சிவப்புக் குன்றின் மேல். மிதிக்கின்றன, மெல்லுகின்றன, அசையாமல் நிற்கின்றன' என்று ஓர் ஆங்கிலச் சிறுவர் பாட்டு. விடை பற்கள். 'குட்டி நான்சி எட்டிகோட், வெள்ளைப் பாவாடை, சிவப்பு மூக்கு. நிற்க நிற்கக் குட்டையாவாள்' என்பது இன்னொன்று. விடை மெழுகுவர்த்தி. ஹம்ப்டி டம்ப்டியும் பிறப்பால் இந்த வகைதான். பாட்டில் முட்டை என்ற சொல்லே கிடையாது. படம் போட்டுப் போட்டு விடை ஊரறிந்ததாகிவிட்டதால் அதை இன்று யாரும் விடுகதையாகப் போடுவதில்லை.

தொல்காப்பியம் 'பிசி' என்று இதற்குப் பெயர் சொல்லி, உவமையோடு வருவது, தோன்றுவதை அப்படியே கிளந்து சொல்வது என இரண்டாகப் பிரிக்கிறது. அந்தப் பிரிவு ஆங்கிலத்துக்கும் அப்படியே பொருந்தும். 1951இல் ஆங்கில வாய்மொழி விடுகதைகளைத் தொகுத்த அமெரிக்க அறிஞர் ஆர்ச்சர் டெய்லர், அவற்றை விடையின்படி அடுக்காமல் எதோடு ஒப்பிடுகிறார்கள் என்பதன்படி அடுக்கினார்: மிருகம் போல, மனிதன் போல, மரம் போல, பொருள் போல என்று. அவிழ்ப்பவருக்கும் அந்த அடுக்கு உதவும். எதிரே வந்த விடுகதையில் மறைந்திருப்பதற்கு என்ன வேடம் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

வழி இப்படி. வேடத்தைக் கழற்றி வையுங்கள். குதிரை, நான்சி, கிழவன், ராணி எல்லாம் வேடங்கள். மிச்சம் இருக்கும் வினைச்சொல், நிறம், எண்ணிக்கை ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான்சியைக் கழித்தால் மிஞ்சுவது வெள்ளை உடல், சிவப்பு நுனி, நேரம் போகப் போகக் குறையும் உயரம். அடுத்து, முரண் எந்த வரியில் இருக்கிறது என்று பாருங்கள். நல்ல விடுகதையில் ஒரு வரியாவது நடக்க முடியாததைச் சொல்லும். நின்றால் குட்டையாவது எப்படி? அந்த வரிக்கு மட்டும் விடை தேடி, கிடைத்ததை மற்ற வரிகளில் பொருத்திப் பார்க்க வேண்டும். நேர்மாறாக, முதல் வரியைப் பிடித்துக்கொண்டு வெள்ளையாக இருக்கும் எல்லாவற்றையும் பட்டியல் போட்டால் பொழுதுதான் போகும்.

எண்ணிக்கையில் மட்டும் கறாராக இருக்கக் கூடாது. பற்கள் முப்பத்திரண்டு ஆயிற்றே, பாட்டில் முப்பதுதானே என்று சரியான விடையைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. பாட்டின் சந்தத்துக்காக எண் வளையும். குதிரைகள் இருபது என்று வரும் பாடமும் இருக்கிறது. ஆனால் எண்களைக் கொண்டு கணக்குப் போடச் சொன்னால் அது வேறு வகை, அங்கே ஒன்று பிசகினாலும் தவறு.

தமிழ் விடுகதையில் பழகியவர் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். நாம் உருவகத்தை மறுப்போம்: 'மரத்துக்கு மரம் தாவுவான் குரங்கல்ல, பட்டை போட்டிருப்பான் சாமியாரல்ல' என்போம், விடை அணில். ஆங்கிலம் பெரும்பாலும் செயலை மறுக்கும். கை உண்டு, தட்டத் தெரியாது: கடிகாரம். கழுத்து உண்டு, தலை இல்லை: புட்டி. பல் உண்டு, கடிக்காது: சீப்பு. இந்தக் கடைசி வகை உருவகம் போலத் தோன்றினாலும் உள்ளே ஒரு சொல்லின் இரண்டு பொருள்தான். ஊசியை எடுத்துக்கொண்டால், 'கண் உண்டு, பார்க்காது' என்று அவர்கள் போடுவதை நாம் 'காது உண்டு, கேட்காது' என்றுதான் போட முடியும். எனவே 'ஹேஸ்... பட் கான்ட்' என்ற அச்சில் வரும் கேள்விகளைத் தமிழில் மொழிபெயர்த்து யோசிக்காதீர்கள். ஆங்கிலத்தில் கண், கை, நாக்கு, படுக்கை, வாய் என்று பெயர் பெற்ற உயிரற்ற பொருள்கள் எவை என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஷூவுக்கு நாக்கு, ஆற்றுக்கு வாயும் படுக்கையும், கடிகாரத்துக்கு முகமும் கையும், சோளக்கதிருக்குக் காது, உருளைக்கிழங்குக்குக் கண். இந்தப் பத்துப் பன்னிரண்டு பெயர்களைத் தெரிந்துகொண்டால் இந்த அச்சின் பெரும்பகுதி முடிந்தது.

எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும், ஆங்கிலம் இப்போதுதான் தொடங்குபவர்களுக்கும் பொருளை மறைக்கும் வகையே சரி. சொல் குறைவு, படம் அதிகம், தமிழில் சொன்னாலும் பாதிக்கு மேல் நிற்கும். குறை என்னவென்றால், புகழ்பெற்றவை எல்லாருக்கும் தெரிந்தவை. வகுப்பில் ஒருவருக்குத் தெரிந்திருந்தாலும் ஆட்டம் கெட்டுவிடும்.

ஆயிரம் ஆண்டுப் பழையவை

இதே வகையில் மிகக் கடினமானதைத் தேடுபவருக்கு எக்ஸிடர் நூல் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இந்தச் சுவடியை, 1072இல் இறந்த லியோஃப்ரிக் என்ற பிஷப் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரப் பேராலயத்துக்குக் கொடுத்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறது. அதில் பழைய ஆங்கிலத்தில் ஏறக்குறைய 95 விடுகதைகள் உள்ளன. எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதில் பதிப்பாசிரியர்கள் வேறுபடுவதால் எண்ணிக்கை சற்று மாறும். கடைசிப் பகுதியில் எரிந்துபோன ஓட்டைகள் இருப்பதால் சில விடுகதைகள் அரைகுறை. முக்கியமான செய்தி, சுவடியில் விடைகள் இல்லை. இவற்றுக்கு முன்மாதிரியாக இருந்த லத்தீன் விடுகதைகளை எழுதிய சிம்ஃபோசியஸ் ஒவ்வொன்றுக்கும் விடையையே தலைப்பாக வைத்தார், மூன்றே வரியில் முடித்தார், நூறு எழுதினார். எக்ஸிடர்க் கவிஞர்களோ தலைப்பே வைக்கவில்லை.

இவற்றில் பல ஒரு பொருளின் வாழ்க்கை வரலாறாக அமைந்திருக்கும். 26ஆம் விடுகதையைப் பாருங்கள். பகைவன் ஒருவன் என் உயிரைப் பறித்தான், நீரில் ஊறவைத்தான், எடுத்து வெயிலில் காயப்போட்டான், என் மயிரெல்லாம் உதிர்ந்தது, கத்தி என்னை வெட்டியது, விரல்கள் மடித்தன, பறவையின் மகிழ்ச்சி என் மேல் கறுப்புத் தடம் பதித்து நடந்தது, மரத்தின் சாயத்தைக் குடித்துக்குடித்து மறுபடி நடந்தது. பிறகு பலகையால் மூடித் தோல் போர்த்திப் பொன்னால் அழகு செய்தார்கள்.

இதை அவிழ்க்க 'நான்' யார் என்று கேட்டால் நடக்காது. வேலைகளை வரிசையாக எழுதிக்கொண்டு எந்தத் தொழில் என்று கேட்க வேண்டும். கொல்வது, ஊறவைப்பது, காயவைப்பது, மயிர் நீக்குவது என்ற வரிசை தோல் பதனிடுவதில் வரும். அதற்குப் பிறகு மடிப்பது வந்தால் செருப்பு இல்லை. பறவையின் மகிழ்ச்சி என்பது இறகு, மரத்தின் சாயம் என்பது மரத்திலிருந்து எடுத்த மை, கறுப்புத் தடம் எழுத்து. பலகை என்பது அட்டை. ஆகவே தோலில் எழுதிய நூல். பொன் அலங்காரமும், என்னைப் பயன்படுத்துபவர் ஈடேறுவார் என்று பின்னால் வரும் வரிகளும் அது வேதாகமம் அல்லது நற்செய்தி நூல் என்று ஒரு படி குறுக்குகின்றன. இடையில் வரும் இரட்டைச் சொல் உருவகங்களைத் தனித்தனியே உடைத்துக்கொண்டு போவதுதான் இதில் உண்மையான வேலை.

'நான் பார்த்தேன்' என்றோ 'ஒருவன் வந்தான்' என்றோ தொடங்குபவற்றில் வழி வேறு. அங்கே ஓர் ஆள் ஒரு காட்சியைச் சொல்கிறான். வரலாறு இருக்காது, ஒரு கணம்தான் இருக்கும். ஒரு கண், இரண்டு கால், ஆயிரத்திருநூறு தலை கொண்டவன் ஒருவன் வந்தான் என்று ஒரு விடுகதை. ஒற்றைக்கண் பூண்டு வியாபாரி என்பது விடை. சிம்ஃபோசியஸின் லத்தீன் விடுகதையில் இதற்குத் தலைப்பு இருந்ததால்தான் இது தெரிந்தது, இல்லாவிட்டால் யாரால் சொல்ல முடியும்? இதை நியாயமான விடுகதை என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

தற்கால ஆங்கில மொழிபெயர்ப்பில் படிப்பதுதான் நடைமுறை. ஒன்றுக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். சிலவற்றுக்கு அறிஞர்களே இன்னும் ஒரே விடைக்கு வரவில்லை என்பதால், சரி பார்த்து மதிப்பெண் போட வேண்டிய இடத்துக்கு இவை ஆகா. வெங்காயம் போல வெளியே ஆபாசமும் உள்ளே சமையற்கட்டுப் பொருளுமாக வருபவை பல உண்டு. பள்ளிக்கு எடுத்துப்போகும் முன் முழுதும் படித்துவிடுங்கள்.

காதில் விழ வேண்டியவை

சிலேடைக் கேள்வியை ஆங்கிலத்தில் 'கொனண்ட்ரம்' என்பார்கள். கிறிஸ்துமஸ் விருந்தில் இழுத்து வெடிக்கும் காகிதக் குழாய்க்குள் காகிதத் தொப்பியோடு சுருட்டி வைத்திருப்பது இந்த வகையைத்தான். நான்கு கிளைகள் உண்டு, நான்குக்கும் சாவி வேறு.

ஒலி ஒன்று, எழுத்து வேறு: கறுப்பு வெள்ளையாக இருக்கும், முழுக்க 'ரெட்', என்ன? செய்தித்தாள். சிவப்பு என்று கேட்கிறது. 'படிக்கப்பட்டது' என்பது உள்ளே. இதை அச்சில் போட்டாலே பாதி செத்துவிடும், ஏனென்றால் எழுதும்போது ஏதேனும் ஓர் எழுத்துக்கூட்டலுக்குக் கட்டுப்பட வேண்டும். வாயால் போட வேண்டிய கேள்வி. அச்சில் கண்டால் உரக்கப் படியுங்கள், நிறம், எண், உடலுறுப்பு ஆகியவற்றைக் குறிக்கும் சின்னச் சொற்களைக் காதில் நிறுத்திப் பாருங்கள். 'எய்ட்' என்ற எண்ணும் 'தின்றது' என்பதும் ஒன்றாக ஒலிப்பதால்தான் ஆறுக்கு ஏழைக் கண்டால் பயம்: செவன் எய்ட் நைன்.

இலக்கணம் மாறுவது: 'வாட் ஹேஸ் ஃபோர் வீல்ஸ் அண்ட் ஃப்ளைஸ்?' நான்கு சக்கரத்தோடு பறப்பது விமானமல்லவா என்று ஓடுவோம். 'ஃப்ளைஸ்' இங்கே பறத்தல் இல்லை, ஈக்கள். விடை குப்பை லாரி. இந்தக் கிளைக்கு உறுதியான சோதனை, கேள்வியின் கடைசிச் சொல் வினையாகவும் பெயராகவும் நிற்குமா என்று பார்ப்பது. கண்ணால் ஆங்கிலம் கற்றவர்களும் இதில் தேறலாம்.

சேர்த்தும் பிரித்தும் கேட்பது: கதவு எப்போது கதவாக இருப்பதில்லை? அது 'அஜார்' ஆக இருக்கும்போது. சற்றே திறந்த நிலையும், 'எ ஜார்' என்ற ஜாடியும் ஒரே ஒலி. 'வென் ஈஸ்' என்று தொடங்கினால் விடையில் 'எ' என்ற சொல் முன்னொட்டாக ஒட்டும் என்று சந்தேகப்படலாம்.

வித்தியாசம் கேட்பது: பூனைக்கும் காற்புள்ளிக்கும் என்ன வித்தியாசம்? பூனைக்கு 'பாஸ்' முடிவில் 'க்ளாஸ்', காற்புள்ளி 'க்ளாஸ்' முடிவில் 'பாஸ்'. பாதங்களும் நகங்களும் ஒருபுறம், நிறுத்தமும் வாக்கியப் பகுதியும் மறுபுறம். இந்தக் கிளையின் விடை எப்போதும் இரட்டை வாக்கியமாக வரும். முதல் பாதியின் ஒலிகளை இடம் மாற்றினால் இரண்டாம் பாதி கிடைக்கும். கேட்கும் பொருள்களில் ஒன்றின் இரண்டு உறுப்புகளைச் சொல்லிப் பார்த்து, அவற்றை முறை மாற்றி ஒலித்துப் பார்ப்பதே வழி.

நம்மிடம் எங்கே பிசகுகிறது? 'ர்' ஒலியில். தென் இங்கிலாந்து உச்சரிப்பில் தொட்டுக்கொள்ளும் 'சாஸ்', மூலத்தைக் குறிக்கும் 'சோர்ஸ்' இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். நாம் 'ர்' போட்டுச் சொல்வதால் சிலேடையே தெரியாது. அமெரிக்கத் தொகுப்பு வாங்கினால் இந்தச் சிக்கல் குறையும், அவர்களும் நம்மைப் போல 'ர்' ஒலிப்பவர்கள். பிள்ளைகளின் உச்சரிப்பைத் திருத்தத்தான் விடுகதை வேண்டும் என்றால் சிலேடையைவிட நல்ல கருவி கிடையாது. ஒரு பொழுதுக்கு ஐந்து போதும். சிரிப்பு வராமல் விளக்கம் சொல்ல வேண்டி வந்தால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது.

எழுத்தை எண்ணுபவை

'நிமிடத்தில் ஒருமுறை, கணத்தில் இருமுறை, ஆயிரம் ஆண்டுகளில் ஒருமுறையும் இல்லை.' ஆங்கிலத்தில் 'மினிட்', 'மோமெண்ட்', 'தௌசண்ட் இயர்ஸ்' என்று எழுதிப் பார்த்தால் 'எம்' என்ற எழுத்து முறையே ஒன்று, இரண்டு, சுழி. எழுத்துப் புதிரைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் தெளிவானது. ஒப்பிடும் பொருள்களுக்கு இடையே பொருளில் எந்த உறவும் இல்லாமல், 'உள்ளே', 'முடிவில்', 'தொடக்கத்தில்', 'நடுவில்', 'ஒருமுறை', 'இருமுறை' போன்ற சொற்கள் வந்தால் பொருளை மறந்து எழுத்தைப் பாருங்கள். வானவில்லின் முடிவில் என்ன? 'டபிள்யூ'. சொர்க்கம், நரகம், எதிரொலி என்று பெரிய விஷயங்களாக அடுக்கி ஆங்கிலத்தில் ஒரு புகழ்பெற்ற கவிதைப் புதிர் உண்டு. விடை 'எச்' என்ற எழுத்து. கவிஞர் பைரன் எழுதியதாக நெடுநாள் சொல்லிவந்தார்கள். உண்மையில் எழுதியவர் கேத்தரின் ஃபேன்ஷா.

இன்னும் ஒரு படி மேலே, 'மை ஃபர்ஸ்ட் இஸ் இன்...' என்று தொடங்கும் வகை. ஒரு சொல்லில் இருந்து இன்னொரு சொல்லின் எழுத்துகளைக் கழித்து ஒவ்வோர் எழுத்தாகக் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றைப் போட்டுப் பார்ப்போம்.

முதல் எழுத்து 'ரிவர்' இல் உண்டு, 'லேக்' இல் இல்லை. இரண்டாவது 'சாண்ட்' (மணல்) இல் உண்டு, 'செண்ட்' (அனுப்பு) இல் இல்லை. மூன்றாவது 'மில்க்' இல் உண்டு, 'மார்க்' இல் இல்லை. நான்காவது 'நைட்' இல் உண்டு, 'லைட்' இல் இல்லை. முழுச் சொல் மேலிருந்து விழும்.

கழித்துப் பாருங்கள். முதலாவதில் ஆர், ஐ, வி மிஞ்சும். 'ஈ' இரண்டிலும் இருப்பதால் போய்விடும். இரண்டாவதில் 'ஏ' மட்டும். மூன்றாவதில் ஐ, எல். நான்காவதில் 'என்' மட்டும், ஏனென்றால் இரவும் வெளிச்சமும் ஆங்கிலத்தில் மற்ற நான்கு எழுத்திலும் ஒன்றே. மூன்றை இரண்டால் பெருக்கினால் ஆறு சேர்க்கைகள். அவற்றில் வழக்கமான சொல்லாக நிற்பவை இரண்டு: மழையைக் குறிக்கும் 'ரெயின்', வீண் என்னும் 'வெயின்'. கடைசி வரி மழையைத் தேர்ந்தெடுக்கிறது. கடைசி வரியைப் படித்துவிட்டு நேராக விடைக்குத் தாவினால் சில நேரம் அதிர்ஷ்டம் அடிக்கும், பல நேரம் பனி, இலை என்று அலைய வேண்டியிருக்கும். தாளில் எழுத்துகளைக் கட்டம் கட்டி எழுதுங்கள். மனத்தில் கழித்தால் ஒலியால் கழித்துவிடுவோம். 'நைட்' இல் ஒலிக்காத 'ஜி', 'எச்' இரண்டும் கணக்கில் உண்டு என்பதே மறந்துபோகும்.

இந்த வகையின் பெரிய லாபம் புதிதாகச் செய்துகொள்ள முடிவது. நான்கு அல்லது ஐந்தெழுத்துச் சொல்லாக எடுங்கள். எளிதாக வேண்டுமானால் ஓர் எழுத்து மட்டும் வேறுபடும் இணைச் சொற்களைப் பயன்படுத்துங்கள். கடினமாக்க ஓர் இடத்திலோ இரண்டு இடத்திலோ இரண்டு மூன்று எழுத்து மிஞ்சும்படி விடுங்கள். ஐந்து இடத்திலும் மும்மூன்று மிஞ்சினால் 243 சேர்க்கை ஆகிவிடும், யாரும் போட மாட்டார்கள். முடித்ததும் எல்லாச் சேர்க்கைகளையும் எழுதி, வேறு சொல் ஏதும் வந்து நிற்கிறதா, நின்றால் கடைசி வரி அதை விலக்குகிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் வகுப்பில் போட்டால் ஒரு பிள்ளை எழுந்து இரண்டாவது விடை சொல்லும், அது சரியாகவும் இருக்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து வந்து ஆங்கில வரவேற்பறைகளில் பரவிய 'ஷரேட்' இதற்கு அண்ணன். எழுத்துக்குப் பதில் சொல்லின் துண்டுகளை மறைக்கும். முதல் பாதியில் ஏறிப் போகலாம், இரண்டாம் பாதியைக் கொஞ்சலாம், முழுதும் காலடியில் கிடக்கும்: 'கார்', 'பெட்', 'கார்பெட்'. முதல் துண்டைத் தேடுவதைவிட முழுச் சொல்லை ஊகித்து அது இரண்டாக உடைகிறதா என்று பார்ப்பதே விரைவு. நம் படிப்புக்கு இந்த இரண்டும் மிகப் பொருத்தம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொல் பழக்க ஒரே வகையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் இதைத்தான் எடுக்கச் சொல்வோம்.

குறுக்கெழுத்தின் மறைகுறிப்பு

முதல் குறுக்கெழுத்து 1913 டிசம்பர் 21இல் நியூயார்க்கில் ஆர்தர் வின் என்பவரால் அச்சேறியது. நேரடியாகப் பொருள் கேட்பது அது. இங்கிலாந்தில் அது ஷரேட், சிலேடை எல்லாவற்றையும் விழுங்கி 'கிரிப்டிக்' ஆக மாறியது. சென்னையிலிருந்து வரும் தி இந்து நாளிதழ் 1971இல் குறுக்கெழுத்தைத் தொடங்கியபோது அதைத் தயாரித்தவர் கடற்படைத் தலைமைத் தளபதியாக இருந்து ஓய்வுபெற்ற கட்டாரி.

ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு பாதி: ஒன்று நேரான பொருள், மற்றது சொல் விளையாட்டு. நேரான பொருள் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும், நடுவில் இருக்காது. 'பெட் இன் காமிக் அட்டையர் (3)' என்றால் செல்லப்பிராணியைக் குறிக்கும் தொடக்கச் சொல் பொருள். 'இன்' என்பது உள்ளே ஒளிந்திருப்பதைச் சொல்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் 'காமிக்' இன் கடைசி எழுத்தும் 'அட்டையர்' இன் முதல் இரண்டு எழுத்தும் சேர்ந்து பூனை. 'கொயட்: லிசன், கன்ஃப்யூஸ்ட் (6)' என்பதில் குழம்பிய என்ற சொல் எழுத்தைக் கலைக்கச் சொல்கிறது, 'லிசன்' இன் ஆறெழுத்தும் கலைந்து 'சைலண்ட்' ஆகும். கலைக்க எடுக்கும் எழுத்தின் எண்ணிக்கை அடைப்பில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் எடுத்த சொல் தவறு.

வாக்கியமாகப் படித்து அர்த்தம் தேடுவதே இங்கே முதல் தடுமாற்றம். குறிப்பின் மேற்பரப்புக் கதை உங்களை ஏமாற்றத்தான் எழுதப்பட்டது. வகையைப் பழக ஓரிரு மாதம் தினமும் கால்மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் மட்டும் இதில் இறங்கலாம். இதற்கு ஓர் ஆறுதல், விடை சரியென்றால் இரண்டு பாதியும் பொருந்திவிடும், யாரையும் கேட்கத் தேவையில்லை.

கேள்வியிலேயே இருப்பவை

'செயின்ட் ஐவ்ஸ் போகும் வழியில் ஏழு மனைவியரோடு ஒருவனைக் கண்டேன். ஒவ்வொருத்தியிடமும் ஏழு மூட்டை, ஒவ்வொரு மூட்டையிலும் ஏழு பூனை, ஒவ்வொரு பூனைக்கும் ஏழு குட்டி. செயின்ட் ஐவ்ஸ் போனவர்கள் எத்தனை?' பெருக்கிக் கூட்டினால் 7, 49, 343, 2401 சேர்ந்து 2800, அந்த ஆளோடு 2801. எதிர்பார்க்கும் விடை ஒன்று. சொன்னவன் மட்டும்தான் அங்கே போகிறான், மற்றவர்கள் எதிரே வந்தவர்கள். ஆனால் 'கண்டேன்' என்பது எதிரே வந்ததைத்தான் குறிக்கும் என்று யார் சொன்னது? பின்னால் இருந்து எட்டிப் பிடித்திருக்கவும் கூடும். வாதாடும் பிள்ளைக்கு மதிப்பெண் கொடுத்துவிடுங்கள்.

தர்க்கப் புதிரில் சொல்லைச் சொல்லால் ஈடுசெய்வதுதான் வேலை. ஒரு படத்தைக் காட்டி, 'எனக்கு உடன்பிறந்தார் யாருமில்லை, ஆனால் அந்த மனிதனின் தந்தை என் தந்தையின் மகன்' என்கிறான் ஒருவன். பலர் அவனே என்று சொல்லித் தடுக்கி விழுவார்கள். வாக்கியத்தைப் பின்னாலிருந்து சுருக்குங்கள். என் தந்தையின் மகன், உடன்பிறந்தார் இல்லாததால், நான்தான். ஆக, அந்த மனிதனின் தந்தை நான். படத்தில் இருப்பது மகன். யார்க்கைச் சேர்ந்த, 804இல் இறந்த அறிஞர் ஆல்க்வினின் பெயரில் வழங்கும் லத்தீன் தொகுப்பில் ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ் மூன்றையும் ஆறு கடத்தும் கணக்கு உண்டு. ஏழு பயணத்தில் முடியும். தடுக்கும் இடம் ஒன்றே: ஒருமுறை கொண்டுபோன ஆட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது யாருக்கும் முதலில் தோன்றாது. மொழியறிவு மிகக் குறைவாகத் தேவைப்படும் வகை இது, தமிழில் சொன்னாலும் ஒன்றும் குறையாது. ஆங்கிலம் பழகத்தான் என்றால் வேண்டாம்.

ஆம்-இல்லை கதைப் புதிருக்கு விடை தெரிந்த ஒருவர் நடத்த வேண்டும். பத்தாவது மாடிக்காரர் தினமும் ஏழாவது மாடியில் இறங்கி மிச்சத்தை ஏறுகிறார், மழை நாளில் மட்டும் நேரே பத்துக்குப் போகிறார், ஏன்? குள்ளமானவர், மேலே உள்ள பொத்தான் எட்டாது, மழையில் குடை கையில் இருக்கும். கேட்பவர்கள் காரணத்தை ஊகிப்பதை விட்டு, அவர் உடலமைப்பு முக்கியமா, மழையா குடையா என்று பாதி பாதியாக வெட்டிக் கேட்க வேண்டும். பத்துப் பேர் கூடிய இடத்துக்கு இதற்கு இணை இல்லை. நடத்துபவர் 'கிட்டத்தட்ட' என்று ஒரு பதில் சொன்னால் போதும், ஆட்டம் அரைமணி நேரம் தடம் புரளும். 'ஆம்', 'இல்லை', 'சம்பந்தமில்லை' மூன்றோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

வகை தெரியாமல் கலந்து வந்தால்

கேள்வியின் முதல் சொற்களே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். 'வாட் ஆம் ஐ' என்று முடிந்தால் பொருளை மறைப்பது. 'வென் ஈஸ்', 'வை இஸ்', 'வாட் இஸ் த டிஃபரன்ஸ்' என்று தொடங்கினால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 'மை ஃபர்ஸ்ட்' என்றால் தாளும் பேனாவும். 'ஹவ் மெனி' என்றால் பெருக்கும் முன் கேள்வியை மறுபடி படியுங்கள். இவற்றில் எதிலும் சேராத 'வாட் ஹேஸ்' மட்டும் இரண்டுங்கெட்டான். முதலில் உறுப்புப் பெயர்கள், பிறகு உருவகம் என்ற வரிசையில் முயலலாம்.

போட்டி நடத்துபவர்கள் முன்கூட்டியே ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்: மாற்று விடையை ஏற்பதா இல்லையா. எழுத்துப் புதிர், குறுக்கெழுத்து இரண்டிலும் இந்தக் கேள்வி ஏறக்குறைய எழாது. சிலேடையில் அடிக்கடி எழாது. பொருளை மறைப்பவற்றில் எழுந்தே தீரும். 'வீடு நிறைய, ஓட்டை நிறைய, கிண்ணம் நிறையப் பிடிக்க முடியாது' என்பதற்குப் புகை என்பது வழக்கமான விடை, பனிமூட்டம் என்று சொன்னாலும் மூன்று வரியும் பொருந்துகிறது. விடைத்தாளில் உள்ளதா என்று பாராமல் வரி வரியாகப் பொருத்திப் பார்த்து இரண்டுக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள். ஒரு வரி பொருந்தாவிட்டாலும் கொடுக்க வேண்டாம்.